நன்னீர்த் தொட்டியில் கழிமுகத்து வேட்டை மீன்கள்

ஆறும் கடலும் கலக்கும் கழிமுகத்தில் நீரின் உப்பு ஒரு நாளுக்குள்ளேயே ஏறி இறங்குகிறது. ஓதம் ஏறும்போது கடல்நீர் உள்ளே புகுகிறது. வற்றும்போது ஆற்றுநீர் மேலோங்குகிறது. ஐப்பசி கார்த்திகையில் வெள்ளம் வந்துவிட்டால் முகத்துவாரம் முழுவதுமே சில நாட்களுக்கு நன்னீராகிவிடும். பழவேற்காடு, முட்டுக்காடு, வெள்ளாறு கடலில் சேரும் பரங்கிப்பேட்டை, முத்துப்பேட்டை அலையாத்திக் காடு ஆகிய இடங்களில் வாழும் மீன்கள் இந்த மாற்றத்துக்குப் பழகியவை. கொடுவா, கீச்சான், பேத்தை, பூச்சிகளை நீர் பீய்ச்சி வீழ்த்தும் ஆர்ச்சர் மீன், கடலுக்கும் ஆற்றுக்கும் இடையே பயணம் செய்யும் விலாங்கு ஆகியவை இவற்றில் முக்கியமான வேட்டை மீன்கள். மதுரை போன்ற உள்நாட்டு நகரங்களிலும் இவற்றின் குஞ்சுகள் வளர்ப்பு மீன் கடைகளுக்கு வருகின்றன. கடைத் தொட்டியில் நன்னீரில் துள்ளிக் கொண்டிருக்கும் குஞ்சைப் பார்ப்பவர், அது வாழ்நாள் முழுவதும் நன்னீரிலேயே இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறார். சில மீன்களுக்கு அது சரி. பலவற்றுக்குச் சரியல்ல. இரண்டையும் பிரித்தறிய, மீனின் உடல் உப்பை எப்படிக் கையாள்கிறது என்பதையும், இயற்கையில் அந்த மீன் தன் வாழ்நாளின் எந்தப் பகுதியை நன்னீரில் கழிக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

எலும்பு மீன்களின் இரத்தத்தில் உள்ள உப்பின் செறிவு, கடல்நீரின் செறிவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. ஆகவே கடலில் இருக்கும் மீனின் உடலிலிருந்து நீர் ஓயாமல் வெளியே கசிகிறது. இழப்பை ஈடுகட்ட மீன் கடல்நீரைக் குடிக்கிறது. கூடவே உள்ளே வரும் உப்பைச் செவுள்களில் உள்ள தனிவகை உயிரணுக்கள் வழியாக வெளியே தள்ளுகிறது. நன்னீரில் நிலைமை தலைகீழ். வெளியே உப்பு குறைவு, உள்ளே அதிகம். எனவே நீர் உடலுக்குள் புகுந்துகொண்டே இருக்கும். உப்பு கரைந்து வெளியேறிக்கொண்டே இருக்கும். நன்னீர் மீன் தண்ணீரை அநேகமாகக் குடிப்பதே இல்லை. சிறுநீரகங்கள் நீர்த்துப்போன சிறுநீரை ஏராளமாக வெளியேற்றுகின்றன. செவுள்கள் தொட்டி நீரிலுள்ள சொற்ப உப்பையும் பற்றி உள்ளே இழுக்கின்றன.

இரண்டு நீரிலும் வாழக்கூடிய மீன், செவுளின் வேலைத் திசையையே மாற்றிக்கொள்ளக்கூடியது. கடலுக்குப் போகும்போது உப்பை வெளியேற்றும் உயிரணுக்கள் பெருகுகின்றன. ஆற்றுக்குத் திரும்பும்போது உப்பை உறிஞ்சும் உயிரணுக்கள் தலையெடுக்கின்றன. கார்டிசால் என்ற ஹார்மோன் முதல் மாற்றத்துக்கும், புரோலாக்டின் என்ற ஹார்மோன் இரண்டாவதற்கும் பெரிதும் உதவுகின்றன. இந்த மாற்றம் ஒரு மணி நேரத்தில் முடிவதில்லை, நாட்கணக்கில் நடக்கிறது. அதோடு, இதற்கு ஆற்றல் செலவாகிறது. கழிமுகத்தில் வெள்ளம் வடியும்வரை சில வாரம் இந்தச் செலவைத் தாங்கும் மீன், கண்ணாடித் தொட்டியில் ஆண்டுக்கணக்கில் தாங்கும் என்பதற்கு உறுதி இல்லை. குஞ்சுப் பருவத்தில் நன்றாகத் தின்று வளர்ந்த மீன், ஓர் ஆண்டுக்குப் பின் நிறம் மங்கி, தீனி குறைந்து, அடிக்கடி பூஞ்சை பிடித்து மெலிவதன் பின்னணி பெரும்பாலும் இதுதான். அது திடீர் நோயாகத் தோன்றினாலும் நெடுநாளாக உள்ளே நடந்துவந்த தேய்மானம்.

நன்னீரில் வாழ்நாள் முழுவதும் வைத்திருக்கத்தக்க கழிமுக வேட்டை மீன் எது என்று கேட்டால், தமிழ்நாட்டில் முதலில் சொல்ல வேண்டியது கொடுவா. இயற்கையில் இது கடலோரத்து உப்புநீரில் முட்டையிடுகிறது. குஞ்சுகள் ஓதத்தோடு கழிமுகத்துக்கும் சதுப்புக்கும் வந்து, வழி இருந்தால் ஆற்றில் ஏறி, நன்னீரிலேயே சில ஆண்டுகள் வளர்கின்றன. முட்டையிடும் வயதில் மீண்டும் கடலுக்கு இறங்குகின்றன. வாழ்வின் பெரும்பகுதியை நன்னீரில் கழிப்பது இதன் இயல்பிலேயே உண்டு. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் இதைப் பாரமுண்டி என்பர். அங்கே 1980-களிலிருந்து பெரிய அணைக்கட்டு நீர்த்தேக்கங்களில் கொடுவாக் குஞ்சுகளை விட்டு வளர்த்து வருகிறார்கள். கடலுக்கு வழியே இல்லாத அந்த நன்னீரில் அவை 40 கிலோவுக்கும் மேல் வளர்ந்திருக்கின்றன. ஆனால் அங்கே அவை இனப்பெருக்கம் செய்வதில்லை. ஒவ்வொரு தலைமுறையையும் பொரிப்பகத்திலிருந்து கொண்டுவந்துதான் விட வேண்டியிருக்கிறது. வளர்ச்சிக்கு நன்னீர் போதும், முட்டைக்கும் புழுப்பருவத்துக்கும் கடல்நீர் தேவை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று வேறில்லை.

கொடுவாவுக்கு இன்னொரு விந்தையான இயல்பும் உண்டு. முதலில் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகள் கழித்து, உடல் எடை பல கிலோவைத் தாண்டிய பிறகு பெண்ணாக மாறுகிறது. அதனால் பெரிய கொடுவாக்கள் அநேகமாகப் பெண்களே. இந்தியாவில் கொடுவாவைச் செயற்கை முறையில் இனப்பெருக்கம் செய்து குஞ்சு உற்பத்தி செய்வதில் முதல் வெற்றி 1997-ல் கிடைத்தது. அதைச் செய்தது சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம். இடம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் உள்ள அதன் ஆய்வு நிலையம். பிற்பாடு, கடல்சார் பொருட்கள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையத்தின் கீழ் இயங்கும் ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையம், சீர்காழிக்குக் கிழக்கே திருமுல்லைவாசல் பக்கம் கொடுவாக் குஞ்சுப் பொரிப்பகத்தை நடத்தி வருகிறது. தமிழ்நாட்டில் வீட்டுத் தொட்டிக்கு ஒரு கொடுவா வேண்டுமென்றால் இப்படிப்பட்ட பொரிப்பகத்தில் பிறந்த குஞ்சை வாங்குவதே முறை. அது குருணைத் தீவனத்துக்குப் பழகியிருக்கும். எந்த உப்பளவில் வளர்ந்தது என்பதும் தெரிந்திருக்கும். முகத்துவாரத்தில் வலைவீசிப் பிடித்த குஞ்சு உயிருள்ள இரையைத்தான் தேடும். வலையில் உரசிய காயத்தோடு வரும். ஒட்டுண்ணியும் கூடவே வரும்.

விரல் நீளக் கொடுவாக் குஞ்சு ஒன்றைத் தொட்டியில் உற்று நோக்கினால் இந்த மீனின் வேட்டை முறை முழுவதும் புரியும். உடல் மங்கிய பழுப்பு, ஆங்காங்கே கருந்திட்டு, மூக்கிலிருந்து முதுகை நோக்கி வெளிறிய பட்டை ஒன்று ஓடும். தலையைச் சற்றுத் தாழ்த்தி, ஒரு வேரின் அருகிலோ குழாயின் நிழலிலோ காய்ந்த இலையைப் போல அசையாமல் நிற்கும். இரை எட்டும் தொலைவுக்கு வந்ததும் வாய் முழுவதும் ஒரே நொடியில் முன்னே விரிகிறது. தண்ணீரோடு சேர்த்து இரை உள்ளே உறிஞ்சப்படுகிறது. வளர்ந்த மீன் நீர்மட்டத்தில் இப்படிச் செய்தால் சடாரென்ற ஓசை பக்கத்து அறைக்குக் கேட்கும். இரவில் டார்ச் விளக்கு அடித்தால் கண்கள் செந்நிறத்தில் ஒளிரும். செவுள் மூடியின் ஓரத்தில் கத்தி போன்ற கூர்மை உண்டு. வெறுங்கையால் பிடிப்பவரின் விரல் கிழியும்.

இந்தப் பெருவாய்தான் வளர்ப்பவருக்கு முதல் தொல்லை. கொடுவாக் குஞ்சு தன் உடன்பிறப்பையே விழுங்கும். தன் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு நீளமுள்ள குஞ்சைக்கூட அது உள்ளே தள்ள முயலும். பொரிப்பகங்களில் சில நாட்களுக்கு ஒரு முறை குஞ்சுகளை அளவு வாரியாகப் பிரிப்பது இதனால்தான். வீட்டில் ஐந்தாறு குஞ்சுகளை ஒன்றாக விட்டு, கடைசியில் ஒன்றே ஒன்று கொழுத்து நிற்பதைக் காண்பது வழக்கமான நிகழ்ச்சி. ஒரே அளவுள்ளவையாகத் தேர்ந்தெடுத்து, வயிறார உணவு கொடுத்து, ஒன்று முந்தி வளரத் தொடங்கினால் உடனே பிரித்துவிட வேண்டும். இல்லையேல் தனி மீனாக வளர்ப்பதே நல்லது.

விலாங்கும் நன்னீரில் நெடுங்காலம் வாழும் மீனே. கொடுவாவைப் போல இதுவும் முட்டையிடுவதற்குக் கடலுக்கே போகிறது, அதுவும் ஆழ்கடலுக்கு. கண்ணாடி போன்ற குஞ்சாக ஆற்றில் ஏறி, பல ஆண்டுகள் குளத்திலும் கால்வாயிலும் வளர்கிறது. தொட்டியில் இதற்கு உப்பே தேவையில்லை. தேவைப்படுவது நன்றாக இறுக மூடிய மூடி. ஈரமான இரவில் விரலளவு இடைவெளி கிடைத்தாலும் வெளியேறி, காலையில் வரவேற்பறைத் தரையில் காய்ந்து கிடக்கும்.

மற்றவற்றின் நிலை வேறு. பச்சை உடலில் கரும்புள்ளி கொண்ட பேத்தைக் குஞ்சு, நெல்லிக்காய் அளவில், பார்ப்பதற்கு வேடிக்கையாக இருக்கும். கடைகளில் நன்னீர் மீனாகவே விற்கப்படுகிறது. இந்த வணிகப் பழக்கம் மாற வேண்டும். குஞ்சாக இருக்கும்போது உப்புக் குறைந்த நீரில் இருந்தாலும், வளர வளர இதற்கு உவர்நீர் தேவைப்படுகிறது. நன்னீரிலேயே விடப்பட்டால் ஆயுள் குறைகிறது. முழு வளர்ச்சியில் ஒரு சாணுக்குக் குறைவாக, 15 செ.மீ. அளவுக்கு வரும், மற்ற மீன்களின் துடுப்பைக் கடித்துத் துண்டாக்கும், தனியாகத்தான் வைக்க முடியும். இதன் பற்கள் இணைந்து அலகு போலாகி, வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. நத்தையும் ஓட்டோடு கூடிய இறாலும் கொடுத்துத் தேய வைக்காவிட்டால், வாயை மூட முடியாமல் பட்டினியால் சாகும். இதே மீன் உயிரியலில் பெயர்பெற்றது. முதுகெலும்பிகளிலேயே மிகச் சிறிய மரபணுத் தொகுதிகளில் ஒன்று இதனுடையது, மனிதனுடையதில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. அதன் வரிசை 2004-ல் வெளியிடப்பட்டது. பேத்தை இனங்களின் உடலில் கொடிய நஞ்சு இருப்பதால், செத்த மீனைக்கூடப் பூனைக்கோ கோழிக்கோ போடலாகாது.

ஆர்ச்சர் மீன் நீருக்கு மேலே தொங்கும் இலையில் உட்கார்ந்திருக்கும் பூச்சியை வாயால் நீரைப் பீய்ச்சி வீழ்த்தும். மேலண்ணத்தில் உள்ள பள்ளத்தில் நாக்கை அழுத்தி, செவுள் மூடிகளைச் சட்டென இறுக்கினால் நீர் குழாயில் வருவது போலப் பாய்கிறது. நீருக்குள்ளிருந்து பார்க்கும்போது பொருள் இடம் மாறித் தெரியும் ஒளிவிலகலையும் ஈடுசெய்து குறிவைப்பது இதன் தனித்திறன். அதைக் காண வேண்டுமானால் தொட்டியில் பாதியளவே நீர் விட்டு, மேலே வெற்றிடம் விட வேண்டும். சந்தைக்கு அதிகம் வருவது கழிமுகத்து இனம். அதற்கு லிட்டருக்கு 5 முதல் 10 கிராம் உப்புள்ள நீர் ஏற்றது. கீச்சானும் அவ்வாறே. வெள்ளி உடலில் வளைந்த மூன்று கருங்கோடுகள் கொண்ட இந்த மீன், கூட இருக்கும் மீன்களின் செதில்களைப் பிடுங்கித் தின்னும் பழக்கம் உடையது. குஞ்சு ஆற்றில் சிறிது தூரம் ஏறினாலும் வளர்ந்த மீன் கடலோரத்தையே நாடும். நன்னீர்த் தொட்டிக்கு இதை வாங்குவதில் பொருளில்லை.

அலிகேட்டர் கார் என்ற வட அமெரிக்க மீனையும் இங்கே சொல்லியாக வேண்டும். முதலை போன்ற நீண்ட மூக்கும் கவசம் போன்ற செதில்களும் கொண்ட இது, மெக்சிகோ வளைகுடாவை ஒட்டிய ஆறுகளில் வாழ்ந்து, உவர்நீரிலும் கடலோரத்திலும் சர்வசாதாரணமாகத் திரிகிறது. நன்னீரில் இதற்கு எந்தக் குறையும் இல்லை. காற்றை நேரடியாக விழுங்கிச் சுவாசிப்பதால் கெட்ட நீரிலும் பிழைக்கும். நான்கு அங்குலக் குஞ்சாக விற்கப்படுவது இரண்டு மீட்டருக்கு மேல் வளரக்கூடியது. 2011-ல் மிசிசிப்பியில் பிடிபட்ட ஒன்று 148 கிலோ இருந்தது. பல பத்தாண்டுகள் வாழும் இந்த மீனுக்கு ஏற்ற வீட்டுத் தொட்டி என்று ஒன்று கிடையாது. இதை வாங்காமல் இருப்பதே சரி.

இனி மதுரையின் தண்ணீர். வைகைத் தென்கரையில் இருக்கும் கோச்சடையிலும் அதைச் சுற்றிய பகுதிகளிலும் வீட்டுக்கு வரும் நீர் பொதுவாக மூன்று வகை: மாநகராட்சிக் குழாய் நீர், வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீர், குடிப்பதற்கென வடிகட்டிய ஆர்.ஓ. நீர். மூன்றும் மீனுக்கு வெவ்வேறு பொருட்கள். ஆழ்துளைக் கிணற்று நீரை ஊர் வழக்கில் உப்புத் தண்ணீர் என்கிறார்கள். ஆனால் கடலின் உப்போடு ஒப்பிட்டால் அது உப்பே அல்ல. கரைந்த திண்மங்கள் லிட்டருக்கு 1,500 மி.கி. இருக்கும் நீர் வாய்க்குக் கரிக்கும், பக்கெட்டில் வெள்ளை படியும். அப்படியிருந்தும் அது கடல்நீரின் 35 கிராமில் இருபதில் ஒரு பங்குக்கும் கீழ். அதிலும் கணிசமான பகுதி கால்சியம், மெக்னீசியம், பைகார்பனேட் ஆகியவை. எனவே போர் தண்ணீரே உவர்நீர்தானே, பேத்தைக்கு இது போதும் என்று கருதுவது தவறு.

ஆனால் அந்தக் கடினத்தன்மை கொடுவாவுக்கு நல்ல துணை. நீரிலுள்ள கால்சியம் செவுளின் உயிரணுக்களுக்கு இடையிலான இணைப்புகளை இறுக்கி, உடலின் உப்பு கசிந்து வெளியேறுவதைக் குறைக்கிறது. ஒரே அளவு உப்புக் குறைந்த இரண்டு நீரில், கால்சியம் மிகுந்த நீரில் கழிமுக மீன் எளிதாகப் பிழைக்கும். குடிக்க நல்லது என்பதால் ஆர்.ஓ. நீரை மட்டுமே நிரப்பினால் செவுள் உறிஞ்சிக்கொள்ள நீரில் எதுவுமே இருக்காது. நீரின் கார அமில நிலையைத் தாங்கிப் பிடிக்கும் பைகார்பனேட்டும் இருக்காது. வீட்டில் பாத்திரம் கழுவக்கூட விரும்பாத தண்ணீர் கொடுவாவுக்கு ஏற்றதாகவும், விலை கொடுத்து வடிகட்டிய தண்ணீர் அதற்குத் தீங்காகவும் அமைவது இந்தக் காரணத்தால்தான். குழாய் நீரில் குளோரின் இருக்கும்; ஒரு நாள் திறந்த தொட்டியில் காற்றுக் குமிழி விட்டு வைத்தோ, சோடியம் தயோசல்பேட் சேர்த்தோ அதை நீக்கிய பிறகே விட வேண்டும்.

கடின நீருக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. அது பெரும்பாலும் காரத்தன்மை உடையது, பி.எச். அளவு 8-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கலாம். வேட்டை மீன்கள் புரதம் மிகுந்த உணவைத் தின்று நிறைய அம்மோனியாவை வெளியேற்றுகின்றன. அம்மோனியா நீரில் இரு வடிவங்களில் இருக்கிறது. அவற்றில் மின்னேற்றமில்லாத வடிவமே கொடிய நஞ்சு. நீரின் வெப்பம் 30 டிகிரியாக இருக்கும்போது, பி.எச். 7-ல் மொத்த அம்மோனியாவில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவே நச்சு வடிவில் இருக்கும். பி.எச். 8-ல் அது சுமார் 7 விழுக்காடு. 8.5-ல் ஐந்தில் ஒரு பங்கு. ஒரே அளவு கழிவு, ஒரே அளவு மீன். கொடைக்கானலின் மென்மையான குளிர்ந்த நீரில் ஒன்றும் ஆகாத தொட்டி, மதுரையின் சித்திரை வெயிலில் ஒரே இரவில் மீனைக் கொன்றுவிடும். ஆகவே இங்கே வடிகட்டியைப் பெரிதாக அமைப்பதும், மீன் விடுவதற்கு முன் நான்கு முதல் ஆறு வாரம் வரை அதில் நுண்ணுயிர்கள் குடியேற விடுவதும் தவிர்க்க முடியாதவை. அந்த நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இடைநிலையான நைட்ரைட் இரத்தத்தைப் பழுப்பாக்கி மூச்சுத் திணற வைக்கும். நீரில் குளோரைடு இருந்தால் நைட்ரைட் செவுள் வழியே நுழைவது வெகுவாகத் தடுக்கப்படுகிறது. லிட்டருக்கு ஒரு கிராம் அளவு உப்பு சேர்ப்பது புதிய தொட்டியில் பாதுகாப்பாக அமைவது இதனாலேயே.

வெயில் காலத்தில் ஆக்சிஜனும் குறைகிறது. 20 டிகிரி நன்னீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மி.கி. கரையும் ஆக்சிஜன், 30 டிகிரியில் ஏழரை மி.கி. அளவே கரையும். வெப்பம் ஏறும்போது மீனின் பசியும் மூச்சுத் தேவையும் ஏறுவதால் நெருக்கடி இருபுறமும் கூடுகிறது. கொடுவாவுக்கு 26 முதல் 32 டிகிரி உகந்தது. தெற்குச் சன்னலை ஒட்டியோ தகரக் கூரைக்குக் கீழோ வைத்த தொட்டி அதைத் தாண்டிவிடும். மின்வெட்டு நேரத்துக்கென்று பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று எப்போதும் தயாராக இருக்க வேண்டும். மூடிமேல் ஒரு சிறு மின்விசிறியை ஓடவிட்டால் ஆவியாதலால் இரண்டு மூன்று டிகிரி குறையும். ஆவியான அளவு நீரைச் சேர்க்கும்போது, உப்பும் கால்சியமும் தொட்டியிலேயே தங்கிவிட்டன என்பதை மறக்காமல், கரைபொருள் குறைந்த நீரையே ஊற்ற வேண்டும். ஆர்.ஓ. நீருக்கு முறையான பயன் இங்கேதான்.

தொட்டியின் அளவைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலோர் குஞ்சைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். நான்கு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டி சுமார் 250 லிட்டர் கொள்ளும். கொடுவாக் குஞ்சுக்கு அது சில மாதங்களுக்கு மட்டும் போதும். குளத்தில் நல்ல தீனியோடு வளரும் கொடுவா ஓர் ஆண்டில் அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோவை எட்டக்கூடியது. ஆறடி நீளமும் இரண்டடி அகலமும் இரண்டடி உயரமும் உள்ள தொட்டிக்கு 680 லிட்டர் நீர் பிடிக்கும். கண்ணாடியும் தாங்கியும் சேர்ந்தால் ஒரு டன்னை நெருங்கும். அடுக்குமாடி வீட்டின் மேல்தளத்தில் இதை வைப்பதற்கு முன் கட்டுமானப் பொறியாளரைக் கேட்பது அவசியம். பீம் ஓடும் சுவரை ஒட்டி வைப்பது ஓரளவு பாதுகாப்பு. தரைத்தளத்தில் கொல்லைப்புறம் உள்ளவர்களுக்குச் சிமென்ட் தொட்டியே சிறந்தது. எட்டடி நீளம், நான்கடி அகலம், மூன்றடி ஆழமுள்ள தொட்டி 2,700 லிட்டர் கொள்ளும். அதில் ஒரு கொடுவா திரும்பி நீந்த இடம் இருக்கும். புதுச் சிமென்ட்டின் காரம் நீங்கப் பலமுறை நீர் நிரப்பிக் கொட்ட வேண்டும். மேலே வலை கட்டாயம், ஏனெனில் கொடுவா துள்ளிக் குதிக்கும் மீன்.

உவர்நீர் தேவைப்படும் மீனுக்கு உப்பு எப்படிச் சேர்ப்பது என்பதிலும் தவறான பழக்கம் ஒன்று பரவலாக உள்ளது. தூத்துக்குடிக் கல்லுப்பு கடலிலிருந்து வருவதால் அதைக் கரைத்தால் கடல்நீராகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். உப்பளத்தில் கடல்நீர் காயும்போது முதலில் சுண்ணாம்புச் சத்தும், அடுத்து ஜிப்சமும் படிகின்றன. அதற்குப் பிறகே சோடியம் குளோரைடு பாத்தியில் படிகிறது. மெக்னீசியமும் பொட்டாசியமும் கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரில் தங்கிப்போய் வெளியேற்றப்படுகின்றன. ஆக, வீட்டுக்கு வரும் கல்லுப்பு பெரும்பாலும் சோடியம் குளோரைடு மட்டுமே. குறைந்த அளவில், சில நாள் மருத்துவமாகச் சேர்க்க அது போதும். பேத்தையையோ ஆர்ச்சரையோ நிரந்தரமாக வைக்க, எல்லாத் தாதுக்களும் உரிய விகிதத்தில் கலந்த கடல்நீர் உப்புக் கலவையே வேண்டும். 250 லிட்டரில் லிட்டருக்கு 5 கிராம் என்றால் ஒன்றேகால் கிலோ. தனி வாளியில் முற்றிலும் கரைத்த பிறகே தொட்டியில் ஊற்ற வேண்டும். அளவைச் சரிபார்க்க ஒளிவிலகல்மானி நம்பகமானது. கைப்பிடிக் கணக்கு நம்பத்தக்கதல்ல.

புதிய குஞ்சைக் கொண்டுவந்ததும் முதல் கேள்வி, அது எந்த உப்பில் இருந்து வந்தது என்பதே. பொரிப்பகத்தில் 25 கிராம் உப்பில் இருந்த குஞ்சை நேராக நன்னீரில் விடக்கூடாது. தனித் தொட்டியில் அதே உப்பளவில் வைத்து, நாளொன்றுக்கு 5 கிராமுக்கு மிகாமல் குறைத்துக்கொண்டே வந்தால் ஒரு வாரத்தில் நன்னீருக்கு வந்துவிடும். கடைசிக் கட்டமே கடினமானது. 5 கிராமிலிருந்து பூஜ்யத்துக்கு இறங்கும்போதுதான் செவுள் முழுமையாகத் திசை மாற வேண்டியிருக்கிறது; அங்கே கூடுதலாக இரண்டு நாள் கொடுப்பது நல்லது. மீன் தீனி எடுப்பதை நிறுத்தினாலோ, நிறம் கறுத்து மூலையில் ஒதுங்கினாலோ, முந்தைய அளவுக்குத் திரும்பிச் சில நாள் காத்திருக்க வேண்டும்.

தீனியில், உயிருள்ள சிறு தங்கமீனைப் போடுவதே வேட்டை மீனுக்குச் சிறந்த உணவு என்ற எண்ணம் கேடு விளைவிப்பது. தங்கமீன் கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் உடலில் பி1 வைட்டமினைச் சிதைக்கும் நொதி உள்ளது. அதையே தொடர்ந்து தின்னும் மீன் நரம்புத் தளர்ச்சி கண்டு நிலைதடுமாறி நீந்தும். மலிவான தீனி மீன்கள் நெருக்கமான தொட்டிகளில் வளர்வதால் ஒட்டுண்ணிகளையும் கூட்டிவரும். 40 முதல் 45 விழுக்காடு புரதமுள்ள, மெதுவாக மூழ்கும் கொடுவாத் தீவனம் இப்போது கிடைக்கிறது. அதை முதன்மையாகவும், உரித்த இறால், கடல்மீன் துண்டு ஆகியவற்றை இடையிடையேயும் கொடுப்பது உடம்புக்கு நல்லது. உயிர் இரைக்கே பழகிய குஞ்சை இரண்டு நாள் பட்டினி போட்டு, இறால் துண்டை நீரோட்டத்தில் ஆடவிட்டு, பிறகு தீவனத்தை அதோடு கலந்து படிப்படியாக மாற்றலாம். வளர்ந்த மீனுக்கு நாள்தோறும் கொடுக்கத் தேவையில்லை. தின்னாமல் விட்ட துண்டை அரை மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். மதுரை வெயிலில் அது அழுகத் தொடங்க அதிக நேரம் ஆகாது.

இரு நீரிலும் வாழும் மீனுக்கு ஓர் அரிய நன்மை, உப்பளவையே மருந்தாகப் பயன்படுத்த முடிவது. நன்னீரில் வெண்புள்ளி நோய் தரும் ஒட்டுண்ணி உவர்நீரைத் தாங்காது. கடல்நீரில் அதே போன்ற புள்ளியைத் தரும் வேறோர் ஒட்டுண்ணி உப்பு வெகுவாகக் குறைந்த நீரில் பிழைக்காது. கொடுவாவுக்கு வெண்புள்ளி கண்டால் உப்பைப் படிப்படியாக உயர்த்தி இரண்டு வாரம் வைத்திருந்து இறக்கினால், மருந்துக் கடைச் சாயங்கள் பெரும்பாலும் தேவைப்படாது. ஆனால் நன்னீருக்குப் பழகி வடிகட்டியில் குடியேறிய நுண்ணுயிர்களும் உப்பு மாற்றத்தில் தடுமாறும். அந்த நாட்களில் தீனியைக் குறைத்து அம்மோனியாவைச் சோதித்துக்கொண்டிருக்க வேண்டும்.

எல்லாம் சரியாக நடந்தால் மீன் வளர்ந்து தொட்டியை மீறும். அப்போது மனமிளகி வைகையிலோ மாடக்குளம் கண்மாயிலோ வண்டியூர்க் கண்மாயிலோ கொண்டுபோய் விடுவது மிகப் பெரிய தவறு. உப்பையும் நன்னீரையும் ஒன்றாகத் தாங்கும் அயல் மீன் எதையும் தாங்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மொசாம்பிக் திலாப்பியா, ஜிலேபிக் கெண்டை என்ற பெயரில் இன்று கண்மாய், ஏரி, கழிமுகம் எங்கும் நிறைந்து, நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கேரளத்தில் 2018 பெருவெள்ளத்துக்குப் பின் ஆறுகளில் அலிகேட்டர் காரும் அராபைமாவும் பிடிபட்டன. அவை வளர்ப்பிடங்களிலிருந்து தப்பியவை. 2023 மே மாதம் சிறீநகரின் தால் ஏரியிலேயே ஓர் அலிகேட்டர் கார் சிக்கியது. இமயமலைப் பள்ளத்தாக்கின் ஏரிக்கு அந்த மீன் தானாக நீந்தி வரவில்லை.

கொடுவா இந்த நாட்டு மீன்தான். கண்மாயில் இனப்பெருக்கம் செய்யாது என்பதும் உண்மை. இருந்தாலும் ஒரு கிலோ எடையுள்ள கொடுவா, வற்றும் கண்மாயில் எஞ்சியிருக்கும் கெளுத்திக் குஞ்சையும் அயிரையையும் ஒரு கோடையில் துடைத்துவிடும் ஆற்றல் கொண்டது. தொட்டி நோய்களையும் கூடவே கொண்டுபோகும். இடமில்லாமல் போனால் பெரிய தொட்டி உள்ள வளர்ப்பவரிடமோ வாங்கிய கடையிலோ ஒப்படைக்கலாம். பண்ணைக் குளம் வைத்திருப்பவர்கள் உயிரோடு வாங்கிக்கொள்வதும் உண்டு. மருந்து எதுவும் சேர்க்காத நீரில் தீவனத்திலேயே வளர்ந்த கொடுவாவைச் சமையலுக்கு எடுப்பதிலும் பிழையில்லை. பேத்தைக்கும் அலிகேட்டர் காருக்கும் இந்த வழிகள் பெரும்பாலும் அடைபட்டவை. அவற்றுக்கு வேறு இடம் கிடைக்கும்வரை, வாங்கியவரே கடைசிவரை வைத்துப் பராமரிக்கக் கடமைப்பட்டவர்.